பேசாப்பொருளைப் பற்றிய ஆய்வில் தேடுபொறித் தரவை எவ்வளவு நம்பலாம்?

தாழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கான முன்வரைவை எழுதிக்கொண்டிருக்கிறேன். தன்பாலீர்ப்பைப் போல, வீட்டிலும் வெளியிலும் வாய்விட்டுப் பேசத் தயங்கும் பாலியல் விஷயங்களை ஆராய்வதற்குத் தேடுபொறித் தரவு எந்த அளவுக்குச் சான்றாக நிற்கும் என்பதே என் கேள்வி.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் சுட்டப்படுவது, கூகுளில் தரவு ஆய்வாளராக இருந்த பொருளியலாளர் சேத் ஸ்டீவன்ஸ்-டேவிடோவிட்ஸ் 2013 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரை. தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று கருத்துக்கணிப்பிலும் முகநூலிலும் அறிவித்துக்கொள்ளும் ஆண்களின் விகிதம், சகிப்புத்தன்மை குறைந்த அமெரிக்க மாநிலங்களில் மிகவும் குறைவு. ஆனால் ஆண்களின் ஆபாசப்படத் தேடல்களில் ஆண்-ஆண் உறவுப் படங்களுக்கான பங்கு மட்டும் எல்லா மாநிலங்களிலும் ஏறத்தாழ 5 விழுக்காட்டையொட்டியே இருக்கிறது என்று அவர் காட்டினார். அமெரிக்க ஆண்களில் குறைந்தது 5 விழுக்காட்டினராவது ஆண்கள்மீது ஈர்ப்புடையவர்கள் என்றும், அவர்களில் கணிசமானவர்கள் மறைந்து வாழ்கிறார்கள் என்றும் அதிலிருந்து முடிவுக்கு வந்தார்.

இந்த முறையைத் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்குப் பொருத்திப் பார்க்கலாமா என்பது என் எண்ணம். தரவை இறக்குவதற்கு முன்பே முறையியல் அத்தியாயத்தை எழுதிக் காட்டும்படி என் நெறியாளர் கேட்டிருக்கிறார். இங்கே புள்ளியியலும் பொது சுகாதாரமும் அறிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.


சோழியன் எழுதியது:

தயங்காமல் செய்யுங்கள். நேருக்கு நேர் கேட்டால் மனிதர்கள் மறைக்கிறார்கள் என்பதற்கு வேண்டிய அளவு சான்று இருக்கிறது. 1995இல் அமெரிக்காவில் 15 முதல் 19 வயது வரையிலான ஆண்களிடம் நடந்த ஒரு தேசிய ஆய்வில், ஒரு பகுதியினர் தாளில் விடையெழுதினார்கள். மற்றவர்கள் காதொலிக்கருவியில் கேள்வியைக் கேட்டுக் கணினியில் தாமே விடையைப் பதிந்தார்கள். ஆணுடன் பாலுறவு கொண்டதுண்டு என்று தாளில் சொன்னவர்கள் 1.5 விழுக்காடு, கணினியில் சொன்னவர்கள் 5.5 விழுக்காடு. இது 1998இல் சயின்ஸ் இதழில் வந்தது. 2013இல் காஃப்மன், காஃப்மன், எரிக்சன் ஆகியோர், யார் எந்த விடையைச் சொன்னார் என்பதே ஆய்வாளருக்குத் தெரியாதபடி கேள்விகளைத் தொகுத்துக் கேட்டபோது, தாம் எதிர்பாலீர்ப்பாளர் அல்லர் என்று சொன்னவர்களின் விகிதம் நேரடிக் கேள்விக்குக் கிடைத்ததைவிட 65 விழுக்காடு உயர்ந்தது.

கேட்கும் ஆளை அப்புறப்படுத்தினாலே இவ்வளவு மாறுகிறது. தேடுபெட்டியின் முன் கேட்பவரும் இல்லை, பதிந்துகொள்பவரும் இல்லை. பொய் சொல்வதால் அங்கே யாருக்கும் எந்த ஆதாயமும் கிடையாது, பொய்யாகத் தேடினால் வேண்டியது கிடைக்காது, அவ்வளவுதான். பேசாப்பொருளுக்கு இதைவிட நேர்மையான சாட்சி எங்கே கிடைக்கும்?


எண்ணாளன் எழுதியது:

சோழியன் எடுத்துக்காட்டிய இரண்டு ஆய்வுகளும் நல்ல ஆய்வுகள். அவை ஏன் நல்லவை என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டிலும் மனிதர்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். கேட்கும் முறை ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் சராசரியில் சமம். அதனால்தான் 1.5க்கும் 5.5க்கும் இடையிலுள்ள இடைவெளி கேட்கும் முறையால் வந்தது என்று துணிந்து சொல்ல முடிகிறது. மறைப்பின் அளவையே அந்த ஆய்வுகள் அளந்துவிட்டன. தேடல் தரவு அப்படிப்பட்ட எதையும் நமக்குத் தருவதில்லை. கருத்துக்கணிப்பில் குறை இருக்கிறது என்று நிறுவுவதாலேயே தேடல் தரவு சரியானது என்று ஆகிவிடாது.

இனி 5 விழுக்காடு என்ற எண்ணுக்கு வருவோம். அது எதில் 5 விழுக்காடு? ஆட்களில் அல்ல, தேடல்களில். இந்த வேறுபாட்டைத் தாண்டுவதற்கு மூன்று அனுமானங்கள் தேவைப்படுகின்றன. ஆண்கள்மீது ஈர்ப்புள்ள ஆணும் பெண்கள்மீது ஈர்ப்புள்ள ஆணும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் தேடுகிறார்கள் என்பது ஒன்று. எடுத்துக்கொண்ட தேடல் சொற்கள் இரு சாராரின் தேடலையும் ஒரே விகிதத்தில் பிடிக்கின்றன என்பது இன்னொன்று. தேடியவர் ஆண் என்பது மூன்றாவது, ஏனென்றால் தேடல்களின் போக்கைக் காட்டும் கூகுளின் கருவியான கூகுள் ட்ரெண்ட்ஸ் தேடியவரின் பாலினத்தைத் தருவதில்லை. இவற்றில் ஒன்று பிசகினாலும் 5 என்பது 3 ஆகலாம், 8 ஆகவும் ஆகலாம். பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்று எண்ணிவிட்டு, ஊரில் எத்தனை பேர் பசித்திருக்கிறார்கள் என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

மாநிலங்களுக்கு இடையே பங்கு ஏறத்தாழ சமமாக இருக்கிறது என்பதைத்தான் அந்தக் கட்டுரையின் மிக வலுவான வாதமாகப் பலரும் கருதுகிறார்கள். என் பார்வையில் அதுவே மிக பலவீனமான இடம். மிசிசிப்பியின் சிற்றூரில் மறைந்து வாழும் ஒருவருக்குத் துணை இல்லை, சந்திக்கும் இடம் இல்லை, பேச ஆளும் இல்லை. அவருக்குத் திரை ஒன்றுதான் வழி. அவர் தேடும் எண்ணிக்கை, பாஸ்டனில் துணையோடு வெளிப்படையாக வாழும் ஒருவருடையதைப் போலப் பலமடங்கு இருக்கலாம். அப்படியானால் குறைந்த ஆட்களும் கூடிய தேடலும் சேர்ந்து அதே பங்கைத் தந்துவிடும். அப்படித்தான் இருக்கிறது என்று நான் வாதிடவில்லை. இரு விளக்கங்களையும் அந்தத் தரவால் பிரித்துக்காட்ட முடியாது என்பதே என் வாதம்.

இது வெறும் ஊகமும் அல்ல. ரைஸ், பிரவுன்ஸ்டீன் ஆகிய இருவர் 2010இல் கருக்கலைப்பைப் பற்றிய தேடல்களை ஆராய்ந்தார்கள். கருக்கலைப்பு விகிதம் குறைவாக இருந்த இடங்களிலும் சட்டக் கட்டுப்பாடு மிகுந்த இடங்களிலும்தான் தேடல் அதிகமாக இருந்தது. தேடல் எண்ணிக்கையை நடத்தையின் அளவாக எடுத்துக்கொண்டிருந்தால் வரைபடமே தலைகீழாகியிருக்கும். கிடைக்காததைத்தான் மனிதர் மிகுதியாகத் தேடுகிறார். பேசாப்பொருள்களில் இந்த விதி இன்னும் கடுமையாக வேலை செய்யும்.


நடுநிசி எழுதியது:

எண்ணாளன் ஐயா சொன்னதில் கடைசிப் பகுதியை நான் வாழ்ந்தே அறிந்திருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் நான் தேடியவற்றில் பெரும்பகுதி ஆசையைப் பற்றியது அல்ல. இதற்குச் சிகிச்சை உண்டா, சட்டம் என்ன செய்யும், வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற வகைத் தேடல்கள்தாம் அவை. பிற்பாடு துணை ஒருவர் அமைந்தபின் அத்தகைய தேடல்கள் அறவே நின்றுபோயின. தேடல் எண்ணிக்கையைக் கொண்டு என்னை அளந்திருந்தால், நான் தெளிவடைந்த ஆண்டுகளில் என் ஈர்ப்பு மறைந்துவிட்டதாகத்தான் கணக்கு காட்டியிருக்கும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இந்தச் சொற்களைத் தட்டுகிறவர்கள் நாங்கள் மட்டும் அல்லர். சந்தேகப்படும் தாய், பாடம் தயாரிக்கும் ஆசிரியர், எங்களைத் தூற்றக் கட்டுரை எழுதுகிறவர், வழக்கைப் படிக்கும் சட்ட மாணவர் எல்லோரும் தேடுகிறார்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 2018 செப்டம்பர் 6 அன்று அந்த எண்ணைத் தேடியவர்கள் எல்லோரையும் எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?


சோழியன் எழுதியது:

செய்தியால் எழும் தேடலையும் அந்தரங்கத் தேடலையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. சட்டப்பிரிவு எண்ணை யாரும் தேடலாம், ஆபாசப்படத்தை அதைப் பார்க்க விரும்புகிறவர்தான் தேடுவார். ஸ்டீவன்ஸ்-டேவிடோவிட்ஸ் காட்டிய இன்னொரு சான்றையும் பாருங்கள். அமெரிக்காவில் ‘என் கணவர்’ என்று தொடங்கும் ஐயக் கேள்விகளில், அடுத்து மிகுதியாக வரும் சொல் ‘தன்பாலீர்ப்பாளரா’ என்பதுதான். ‘ஏமாற்றுகிறாரா’ என்பதைவிட அது 10 விழுக்காடு அதிகம், ‘குடிகாரரா’ என்பதைவிட 8 மடங்கு அதிகம். தெற்கு கரோலினாவும் லூசியானாவும் இதில் முன்னணியில் நிற்கின்றன. மறைந்து வாழும் கணவர்கள் அங்கே மிகுதி என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தரவின் அளவு போதாது என்றால், ஓகி ஓகாஸ், சாய் கட்டம் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட நூலுக்காக டாக்பைல் தேடுபொறியின் ஏறத்தாழ 40 கோடித் தேடல்களை எடுத்துக்கொண்டு, அதில் பாலியல் தொடர்பான 5.5 கோடியைப் பிரித்து ஆராய்ந்தார்கள். எந்தக் கருத்துக்கணிப்பு இந்த அளவை நெருங்கும்?


எண்ணாளன் எழுதியது:

மனைவியின் கேள்வி மனைவியின் ஐயத்தை அளக்கிறது. ஒருவர் குடிகாரரா என்பதைக் கண்ணால் கண்டே மனைவி அறிவார், கூகுளிடம் போக வேண்டியதில்லை. அதனால் குடிகாரக் கணவர்கள் 8 மடங்கு குறைவு என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அதே தர்க்கம் மற்ற சொல்லுக்கும் பொருந்தும்.

அளவைப் பற்றி: 40 கோடி என்பது பெரிய எண்தான். ஆனால் டாக்பைல் என்பது பிற தேடுபொறிகளின் முடிவுகளைத் திரட்டித் தரும் சிறிய தளம். அதை விரும்பிப் பயன்படுத்தியவர்கள் யார்? சாய்வுள்ள மாதிரியைப் பெருக்கினால் சாய்வு குறைவதில்லை, அந்தத் தவறான விடையின்மீது நமக்குள்ள நம்பிக்கைதான் பெருகுகிறது. ஆண்களின் பாலியல் நடத்தையைப் பற்றி ஆய்வாளர் கின்சி வெளியிட்ட 1948ஆம் ஆண்டு அறிக்கைக்கும் இதுதான் நேர்ந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை நேர்கண்டார், ஆனால் அவர்கள் நிகழ்தகவு முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், சிறைக்கைதிகளும் தாமாக முன்வந்தவர்களும் அதில் மிகுதி. காக்ரன், மாஸ்டெல்லர், டூக்கி ஆகிய மூன்று புள்ளியியலாளர்களும் 1954இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள்.

அதற்கு மாறாக, பாலியல் வாழ்க்கையைப் பற்றிய பிரிட்டனின் தேசியக் கணிப்பான நாட்சால் ஆய்வைப் பாருங்கள். 1989இல் மார்கரெட் தாட்சரின் அரசு அதற்கு நிதி தர மறுத்தது. வெல்கம் அறக்கட்டளை நிதி கொடுத்து, 1990-91இல் 18,876 பேரிடம் ஆய்வு நடந்தது. அந்த 18,876 பேரைக் கொண்டு பிரிட்டனைப் பற்றிச் சொல்ல முடிந்ததைப் போல 40 கோடித் தேடல்களைக் கொண்டு அமெரிக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. முன்னதில் யார் உள்ளே வந்தார்கள், யார் மறுத்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது.


கடற்கரையான் எழுதியது:

தேடுபொறி விளம்பரத் துறையில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். விவாதம் மனித மனத்தைப் பற்றியே சுற்றிக்கொண்டிருக்கிறது, கருவியை யாரும் தொடவில்லை.

கூகுள் ட்ரெண்ட்ஸ் தேடல் எண்ணிக்கையைத் தருவதில்லை. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் உங்கள் சொல்லுக்குரிய பங்கைக் கணக்கிட்டு, அந்த வரைபடத்தின் உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றைச் சுருக்கித் தருகிறது. அதுவும் எல்லாத் தேடல்களிலிருந்தும் அல்ல, ஒரு மாதிரியிலிருந்து. அதனால் சிறிய நிலப்பரப்புக்கும் அரிய சொல்லுக்கும் இன்று இறக்கிய தொடரும் அடுத்த வாரம் இறக்கிய தொடரும் ஒத்துப்போகாது. தேடல் மிகக் குறைவாக இருந்தால் 0 என்று காட்டும். அந்தச் சுழியத்துக்குப் பொருள் ‘இல்லை’ என்பதல்ல, ‘வரம்புக்குக் கீழே’ என்பது. ஒரே ஆள் குறுகிய நேரத்துக்குள் திரும்பத் திரும்பத் தேடினால் அதை நீக்கிவிடுகிறார்கள். தாழை அவர்களுக்கு முதல் இடையூறு இங்கேயே வருகிறது: இந்தியாவுக்கு மாநில வாரியாகவும் நகர வாரியாகவும்தான் கிடைக்கும், வருவாய் மாவட்ட வாரியாகக் கிடைக்காது.

அடுத்து, பங்கு என்று சொன்னேன் அல்லவா? உங்கள் சொல்லின் எண்ணிக்கை மாறாமலே பங்கு மாறும், மொத்தம் மாறினால் போதும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இந்தியாவில் இணையத்துக்குள் நுழைந்தவர்களின் கலவையே வேறாகிவிட்டது. கிரிக்கெட் மதிப்பெண்ணையும் திரைப்படப் பாடலையும் அரசுத் தேர்வு முடிவையும் தேடும் கோடிக்கணக்கானோர் மொத்தத்தில் சேர்ந்தார்கள். 2014இலிருந்து 2019 வரை ஒரு பாலியல் சொல்லின் வரைகோடு இறங்கினால், ஆர்வம் இறங்கியது என்று எழுதுவீர்களா, மொத்தம் வீங்கியது என்று எழுதுவீர்களா?

கருவி தானும் மாறிக்கொண்டே இருக்கிறது. ட்ரெண்ட்ஸ் வரைபடத்திலேயே 2011, 2016, 2022 ஆகிய ஆண்டுகளின் ஜனவரியில் சிறு குறிப்பு ஒன்று தொங்குவதைப் பார்க்கலாம். இடத்தைக் கணிக்கும் முறையையோ தரவு திரட்டும் முறையையோ அப்போது மாற்றினார்கள். அந்தக் கோட்டைத் தாண்டி இருபுறமும் ஒப்பிடுகிறவர், அடிக்கோலை நடுவில் மாற்றிவிட்டு உயரத்தை அளக்கிறார். பாலியல் தேடலுக்கே உரிய மாற்றம் ஒன்றும் உண்டு. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் படத் தேடலின் வடிகட்டியைக் கூகுள் மாற்றியது. அதற்குப் பிறகு, பொதுவான சொல்லைத் தட்டினால் ஆபாசப் படம் வராது, வெளிப்படையான சொல்லைச் சேர்த்தால்தான் வரும். அதைத் தேடியவர்கள் வெளிப்படையான சொற்களைச் சேர்க்கத் தொடங்கினால், அந்தச் சொற்களின் கோடு ஏறத்தானே செய்யும்? அது மக்களின் ரசனை கடுமையாகிவிட்டது என்பதற்குச் சான்றாகுமா?

சோழியன் அவர்களே, ஆபாசப்படத்தை விரும்புகிறவர்தான் தேடுவார் என்றீர்கள். விரும்பி வாடிக்கையாகப் பார்க்கிறவர் தேடுபொறிக்கே வருவதில்லை. தளத்தின் முகவரியை நேரடியாகத் தட்டுவார், அல்லது தளத்தின் பெயரை மட்டும் கூகுளில் தட்டிவிட்டு உள்ளே போய்த் தேடுவார். கூகுளில் வகைச்சொல்லோடு தேடுகிறவர் பெரும்பாலும் புதியவர் அல்லது எப்போதாவது வருகிறவர். உத்தராகண்ட் உயர் நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து 2018இல் 827 தளங்களை இந்தியாவில் முடக்கச் சொன்னபோது, பலர் மாற்று முகவரியையும், இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன்னையும் நாடினார்கள். விபிஎன் வழியே தேடுகிறவர் மதுரையில் உட்கார்ந்திருந்தாலும் தரவில் வேறொரு நாட்டுக்காரராகத் தெரிவார்.

தளங்களே ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளை மாற்றாகச் சிலர் பரிந்துரைப்பார்கள். அவை விளம்பரப் பொருள்கள், மூலத் தரவு வெளியாருக்குக் கிடையாது. பார்ன்ஹப் என்ற ஆபாசத் தளம் 2020 டிசம்பரில் சரிபார்க்கப்படாத பதிவேற்றங்களை நீக்கியபோது, ஒரு கோடிக்கும் மேல் இருந்த காணொளிகளில் பெரும்பகுதி மறைந்தது. அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் ‘மிகுதியாகத் தேடப்பட்டவை’ பட்டியலை ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உறவுமுறை விலக்கைத் தொடும் தலைப்புகள் பெருகியதையும் இப்படியே பார்க்கிறேன். தளம் எதை முகப்பில் வைக்கிறதோ, எந்தத் தலைப்பைப் படத்துக்குச் சூட்டுகிறதோ, அதைத்தான் பார்வையாளர் அடுத்தமுறை தட்டுகிறார். தேவையும் வழங்கலும் அங்கே பிரிக்க முடியாதபடி பிணைந்து கிடக்கின்றன.


மருதம் எழுதியது:

எச்ஐவி தடுப்புப் பணியில் இருப்பவள் நான். இதுவரையிலான பதில்களைப் படித்தால் தேடல் தரவையே குப்பையில் போட்டுவிடலாம் என்று தாழை நினைத்துவிடக் கூடும். அது சரியாகாது.

2015 நவம்பர் 17 அன்று நடிகர் சார்லி ஷீன் தமக்கு எச்ஐவி இருப்பதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஜான் ஏயர்ஸ் குழுவினர் அமெரிக்கத் தேடல்களை ஆராய்ந்து, எச்ஐவி என்ற சொல் அடங்கிய தேடல்கள் அன்று வழக்கமான அளவைவிட ஏறத்தாழ 27.5 லட்சம் கூடின என்று 2016இல் எழுதினார்கள். இதில் வம்புத் தேடல் எவ்வளவு, அக்கறைத் தேடல் எவ்வளவு என்பதுதான் இங்கே நடுநிசி எழுப்பிய கேள்வி. அவர்கள் ஆணுறை, அறிகுறி, பரிசோதனை பற்றிய தேடல்களைத் தனியே பிரித்தார்கள். அதோடு நின்றிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். வீட்டிலேயே செய்துகொள்ளும் ஓராகுவிக் என்ற பரிசோதனைப் பெட்டியின் விற்பனைக் கணக்கு அடுத்த ஆண்டு ஆராயப்பட்டது. அந்த வாரத்தில் விற்பனை 95 விழுக்காடு கூடியிருந்தது, தேடலின் ஏற்ற இறக்கத்தோடு அது ஒத்தும் போனது. தேடல் ஒரு பக்கம், கடையில் கைமாறிய பெட்டி இன்னொரு பக்கம். இரண்டும் வெவ்வேறு ஊற்றிலிருந்து வருகின்றன. இப்படிப்பட்ட சான்றை நான் ஏற்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வு எத்தனை பேருக்கு எச்ஐவி என்று கேட்கவில்லை என்பதுதான். ஒரே நாடு, ஒரே சொல், சில நாட்களுக்கு முன்னும் பின்னும் என்ன மாறியது என்று மட்டும் கேட்டது. கடற்கரையான் பட்டியலிட்ட கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் மாறுவதில்லை. ஜியோவும் வடிகட்டியும் விபிஎன்னும் திங்கட்கிழமை இருந்தபடியே வெள்ளிக்கிழமையும் இருக்கும். அதனால் அவை இருபுறமும் சமமாக நின்று கழிந்துபோகின்றன. மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிடும்போது அப்படிக் கழிவதில்லை.


சோழியன் எழுதியது:

ஆக, குறுங்கால மாற்றத்துக்கு மட்டும் ஏற்கலாம் என்கிறீர்கள். அப்படியானால் மாநிலங்களை ஒப்பிட்டு, தரமான இதழ்களிலேயே வந்த ஆய்வுகளை எல்லாம் என்ன செய்வது? மேக்இன்னிஸ், ஹாட்சன் ஆகிய இருவர் 2015இல் பாலியல் நடத்தை ஆய்விதழில், மதப்பற்றும் பழமைவாதமும் மிகுந்த அமெரிக்க மாநிலங்களில் பாலியல் தேடல்கள் கூடுதலாக இருப்பதாகக் காட்டியிருக்கிறார்களே? அதற்கு முன்பே 2009இல் பெஞ்சமின் எடல்மன், ஆபாசத் தளச் சந்தா விகிதத்தில் யூட்டா மாநிலம் முதலிடம் என்று கடன் அட்டைக் கணக்கிலிருந்து எழுதினார்.


எண்ணாளன் எழுதியது:

அந்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்கள் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார்கள், செய்தித்தாள்கள்தாம் ‘பக்திமான்களின் கள்ளத்தனம்’ என்று தலைப்பிட்டுக் கொண்டாடின. மதப்பற்று மிகுந்த மாநிலத்தில் தேடுகிறவர் மதப்பற்றுள்ளவர் என்று அந்தத் தரவு எங்கும் சொல்லவில்லை. அங்கே சிறுபான்மையாக இருக்கும் மதப்பற்றற்றவர் மிகுதியாகத் தேடினாலும் இதே எண்ணிக்கை வரும்.

தொகுப்பின் எண்ணைத் தனிமனிதர்மேல் ஏற்றும் இந்த வழுவைச் சமூகவியலாளர் வில்லியம் ராபின்சன் 1950இலேயே விளக்கிவிட்டார். 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது, ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு, -1 முதல் +1 வரை) -0.526. தனிமனித அளவில் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறிவின்மை சற்று அதிகம், ஒட்டுறவு +0.118. குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்த் தங்கினார்கள், அதனால் குறியே தலைகீழாகிவிட்டது. எடல்மனின் தரவு ஒரு நிறுவனத்தின் சந்தாக் கணக்கு. இலவசமாகப் பார்க்கிறவர்கள் அதில் வருவதே இல்லை.

மருதம் அவர்களின் கருத்தோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஒரே ஒரு எச்சரிக்கை: குறுங்காலத்துக்குச் சரியாக வந்த பொருத்தத்தை நெடுங்காலத்துக்கு இழுக்கக் கூடாது. 2008இல் கூகுள் தொடங்கிய காய்ச்சல் கணிப்பு, 5 கோடித் தேடல் சொற்களில் எவை காய்ச்சல் புள்ளிவிவரத்தோடு ஒத்துப்போகின்றன என்று சலித்தெடுத்தபோது, உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து பற்றிய சொற்களும் வந்து விழுந்தன. இரண்டும் குளிர்காலத்துக்குரியவை, அவ்வளவுதான். அவற்றைக் கையால் நீக்கினார்கள். பிறகு 2011 ஆகஸ்டிலிருந்து 108 வாரங்களில் 100 வாரங்கள் அந்தக் கணிப்பு உண்மையைவிட மிகுத்தே சொன்னதாக லேசர் குழுவினர் 2014இல் காட்டினார்கள். 2015இல் அது நிறுத்தப்பட்டது. காய்ச்சலுக்காவது மருத்துவமனைக் கணக்கு என்ற உரைகல் இருந்தது, அதனால் பிழை பிடிபட்டது. பேசாப்பொருளுக்கு அப்படி ஓர் உரைகல் இல்லாததால்தான் தேடல் தரவை நாடுகிறோம். உரைகல் இல்லாத இடத்தில் பிழை நேர்ந்தால் அது ஒருபோதும் பிடிபடாது.


தாழை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாவட்ட ஒப்பீட்டுக்கு இடமில்லை என்பது தெளிவாகிவிட்டது. காலத்தை வைத்து ஒப்பிடுவதாக முன்வரைவை மாற்ற எண்ணுகிறேன். 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு ஒரு புள்ளி. தன்பாலீர்ப்பை ‘குணப்படுத்தும்’ முயற்சிகளைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021 ஜூன் 7 அன்று அளித்த ஆணை இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் முன்னும் பின்னும் தமிழ்நாட்டில் உதவியையும் ஆலோசனையையும் நாடும் தேடல்கள் எப்படி மாறின என்று பார்க்கலாமா? தமிழ்ச் சொற்களை எப்படித் தேர்வது என்பதிலும் குழப்பம் இருக்கிறது.


கடற்கரையான் எழுதியது:

பார்க்கலாம், ஆனால் சொற்களில்தான் உங்களுக்குப் பாதி நேரம் போகும். தமிழ்நாட்டில் இருப்பவர் இதே கேள்வியைத் தமிழ் எழுத்தில் தட்டலாம், ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டலாம், முழு ஆங்கிலத்தில் தட்டலாம், குரல்வழியும் கேட்கலாம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவதற்கு ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. ஒரே சொல் பத்துப் பன்னிரண்டு வடிவங்களாகச் சிதறி, ஒவ்வொன்றும் வரம்புக்குக் கீழே போய் 0 என்று காட்டும். ஆங்கிலச் சொல்லை மட்டும் எடுத்தால், தமிழ்நாட்டை அளப்பதாக நினைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் தேடும் நகர்ப்புறத்தாரை அளப்பீர்கள். 2010வாக்கில் பாகிஸ்தான்தான் உலகிலேயே மிகுதியாக ஆபாசம் தேடும் நாடு என்று அமெரிக்க ஊடகம் ஒன்று பரப்பிய செய்திக்கும் இதே கோளாறு உண்டு. ஆங்கிலச் சொற்களை வைத்து, அந்நாட்டின் மொத்தத் தேடலில் பங்கு பார்த்து, தரவரிசை போட்டார்கள். மற்ற நாட்டவர் தம் மொழியில் தேடியது அந்தப் பட்டியலுக்குள் வரவே இல்லை.

கூகுள் தரும் ‘தலைப்பு’ வசதி பல மொழிச் சொற்களையும் ஒன்றாகத் திரட்டும். ஆனால் எந்தெந்தச் சொற்களைத் திரட்டியது என்று வெளியே சொல்லாது, அதனால் முறையியல் அத்தியாயத்தில் உங்களால் அதை விளக்க முடியாது. தனித்தனிச் சொற்களைக் கூட்டல் குறியிட்டு ஒன்றாகக் கேளுங்கள். வெவ்வேறு நாட்களில் பலமுறை இறக்கிச் சராசரி எடுங்கள், இறக்கிய நாளையும் பதியுங்கள். அதே காலத்துக்குத் தொடர்பே இல்லாத சில சொற்களையும் இறக்கி வையுங்கள். அவையும் அதே நாளில் குதித்தால், மாறியது மக்கள் அல்லர்.


நடுநிசி எழுதியது:

ஒரு வேண்டுகோள். தொகுப்புத் தரவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தனிநபர் தேடல் பதிவுகளை எவராவது தருவதாகச் சொன்னாலும் தொடாதீர்கள். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் ஏறத்தாழ 6,50,000 பயனர்களின் 2 கோடித் தேடல்களை, பெயரை நீக்கி எண் சூட்டி, ஆய்வாளர்களுக்கென்று வெளியிட்டது. சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குப் பின்னால் இருந்த முதிய பெண்மணியை அவருடைய தேடல்களைக் கொண்டே கண்டுபிடித்து வீட்டுக்குப் போனார்கள். அவர் தேடியிருந்த நோய்கள் பல அவருடையவை அல்ல, கவலையில் இருந்த தோழிகளுக்காகத் தேடியவை. அந்தப் பதிவை மட்டும் பார்த்தவர் அத்தனை நோயும் அவருக்கே என்றுதான் எழுதியிருப்பார். நோய்க்குப் பதிலாக எங்கள் விஷயம் அதில் இருந்து, ஆளும் தமிழ்நாட்டுச் சிற்றூர்க்காரராக இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.


மருதம் எழுதியது:

நடுநிசி சொன்னதை ஆய்வு நெறிக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள், தாழை. இன்னொன்று: உங்களுக்கு ஓராகுவிக் பெட்டியைப் போன்ற இரண்டாவது கணக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். உதவி எண்களுக்கு வரும் அழைப்புகள், ஆலோசனை மையங்களின் மாத வருகை போன்றவற்றைப் பெயரில்லாத மொத்த எண்ணிக்கையாகத் தரச் சில அமைப்புகள் இசையலாம். அனுமதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், அதனால் தேடல் தரவைத் தொடுவதற்கு முன்பே அந்தக் கடிதங்களை அனுப்பிவிடுங்கள்.


எண்ணாளன் எழுதியது:

அந்தக் கடிதத்தோடு இன்னொரு தாளும் எழுதிக்கொள்ளுங்கள். தீர்ப்புக்குப் பின் எத்தனை வாரங்களைக் கணக்கில் எடுப்பீர்கள், செய்தித் தேடல் என்று எந்தெந்தச் சொற்களைக் கழிப்பீர்கள், அழைப்பு எண்ணிக்கையும் தேடலும் எதிரெதிராகப் போனால் அதை எப்படிப் புரிந்துகொள்வீர்கள் என்பதை இப்போதே எழுதி, தேதியிட்டு, நெறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். தேடல் கூடினால் ‘துணிவு வந்தது’ என்றும் குறைந்தால் ‘அச்சம் தீர்ந்தது’ என்றும் பின்னால் எழுதுவதற்கு இடம் வைக்காதீர்கள். உங்கள் தலைப்பில் இரண்டு விளக்கங்களும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்.